அட்லஸ் கணக்கில் வராத எம்பிகள்

கைபேசி விளையாட்டில் நினைவகம் எங்கே போகிறது என்று உருவாக்குநர்களைக் கேட்டால், டெக்ஸ்ச்சர், ஒலி, முப்பரிமாண உருவங்கள் என்று வரிசையாகப் பதில் வரும். எழுத்துரு அந்த வரிசையில் வருவது அரிது. ஆங்கிலம் மட்டும் காட்டும் விளையாட்டில் அதை அப்படியே விட்டுவிடுவதில் குற்றமில்லை. அச்சிடத்தக்க ஆஸ்கி குறிகள் 95. அவற்றை 512-க்கு 512 பிக்சல் கொண்ட ஒற்றைத் தட அட்லஸில், அதாவது எழுத்துகளை அடுக்கிவைக்கும் ஒரே டெக்ஸ்ச்சரில், அடக்கிவிடலாம். செலவு 256 கேபி. அதே விளையாட்டு சீனத்திலும் வரப்போகிறது என்றதும் கணக்கு தலைகீழாகிறது. 1980-ஆம் ஆண்டின் ஜிபி 2312 தரப்பட்டியலில் மட்டும் 6,763 சீன எழுத்துகள். கொரியத்தின் முழு அசைத் தொகுதி 11,172. ஐஃபோன் 6-இன் ரேம் 1 ஜிபி. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு கோ, அந்த அளவோ அதற்கும் குறைவாகவோ உள்ள கருவிகளுக்கென்றே செய்யப்பட்டது. இத்தகைய கருவிகளில் எழுத்துருவுக்கே 30, 40 எம்பி போனால், இயங்குதளம் ஆட்டத்தை நடுவில் கொன்றுவிட அதுவே காரணமாகலாம்.

இங்கே எடைபோடப்படுவது யூனிட்டி விளையாட்டு எஞ்சினின் டெக்ஸ்ட்மெஷ் புரோவும் அது நிலைநிறுத்திய முறையும். ஸ்டீஃபன் பூஷார் எழுதி விற்றுவந்த இச்செருகுநிரலை 2017-இல் யூனிட்டி தன்னுடையதாக்கிக்கொண்டது. அன்றிலிருந்து யூனிட்டியில் எழுத்துக் காட்டுவது என்றாலே பெரும்பாலும் இதுதான். அழகைப் பற்றிய பாராட்டு இதற்கு நிறையவே கிடைத்தாகிவிட்டது. நினைவகத்தை வைத்து இதை மதிப்பிட்டவர்கள் குறைவு. அப்படி மதிப்பிட்டவர்களும் அட்லஸ் டெக்ஸ்ச்சரின் அளவைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான் கொள்ளும் அளவுகோல்கள் மூன்று. நினைவகச் செலவு, ஆட்டக்காரர் திரையில் காணும் எழுத்துகளின் எண்ணிக்கையை ஒட்டி ஏறி இறங்க வேண்டும். மொழியில் எத்தனை எழுத்து உண்டு என்பதை ஒட்டி அல்ல. செலவு முழுதும் கணக்கில் தெரிய வேண்டும்: டெக்ஸ்ச்சர், அதன் சிபியுப் படி, எழுத்துருக் கோப்பு, அளவீட்டு அட்டவணை எல்லாம் சேர்த்து. கடைசியாக, எழுத்து பிழையின்றி வர வேண்டும். குலைந்த எழுத்தைக் காட்டி மிச்சம்பிடித்த நினைவகத்தைச் சிக்கனம் என்று ஏற்க முடியாது.

முதல் அளவுகோல் புதிதன்று. 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட் விளையாட்டின் அட்டையில் மொத்தமே 64 கேபி. அதை வடிவமைத்த யூஜி ஹோரி அதில் கதகனா எழுத்துகளில் 20-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கும் பெயர்களையே அசுரர்களுக்கும் மந்திரங்களுக்கும் தேர்ந்தார். எழுத்தின் விலையை எழுத்தாளரே அறிந்திருந்த காலம் அது. இன்று வசனம் எழுதுபவருக்கும் அட்லஸ் கட்டுபவருக்கும் இடையில் நாலைந்து கருவிகள் நிற்கின்றன. விலை யாருக்கும் தெரிவதில்லை.

டெக்ஸ்ட்மெஷ் புரோவுக்கு முன் இருந்த முறைகளை அவற்றின் குறைகளோடு நினைவுபடுத்திக்கொள்வது நியாயம், ஏனெனில் அது வென்றது அவற்றை எதிர்த்துத்தான். பிஎம்ஃபான்ட் வழியில் செய்த பிட்மேப் எழுத்துரு வேகமானது, எளியது. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு ஓர அலங்காரத்துக்கும் தனித்தனி அட்லஸ் கேட்கும். வெள்ளை எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்ற இடத்தில், பிஎன்ஜி படத்தை நான்கு பைட் நிறவடிவில் ஏற்றி நான்கு மடங்கு செலவழித்த விளையாட்டுகள் அந்நாளில் சர்வசாதாரணம். கோகோஸ்2டி-யின் பழைய டிடிஎஃப் லேபிள் இன்னும் மோசம்: ஒவ்வொரு லேபிளும் தனக்கென ஒரு டெக்ஸ்ச்சர் வைத்துக்கொள்ளும். தொடக்கக் கருவிகளில் பக்க அளவு இரண்டின் மடிகளாகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்ததால், 260-க்கு 40 பிக்சல் வரி ஒன்று 512-க்கு 64 இடத்தைப் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பயன், மீதி வெற்றிடம். மதிப்பெண் மாறும்போதெல்லாம் அந்த டெக்ஸ்ச்சரைப் புதிதாகச் செய்ய வேண்டியதும் இதில் சேர்த்தி.

யூனிட்டியின் பழைய டெக்ஸ்ட் கூறு கொள்கையில் சரியான இடத்தில் நின்றது: திரைக்கு வேண்டிய எழுத்தை வேண்டியபோது வரைந்து, ஒரே அட்லஸில் சேர்த்துவைக்கும். செயலில் அது சறுக்கியது. 24 புள்ளி 'அ'வும் 25 புள்ளி 'அ'வும் அதற்கு வெவ்வேறு எழுத்துகள். தடித்த வடிவமும் சாய்ந்த வடிவமும் மேலும் இரண்டு. அட்லஸ் நிரம்பினால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கும், போதாவிட்டால் அளவைப் பெருக்கும். அந்த நொடியில் ஆட்டம் திக்கும். 'பெஸ்ட் ஃபிட்' என்று ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. பெட்டிக்குள் அடங்கும் அளவைத் தேடும் வழியில் முயன்று பார்த்த ஒவ்வொரு அளவிலும் எழுத்துகளை அட்லஸில் கொட்டிவிடும். அதைப் பயன்படுத்தவே கூடாது என்று யூனிட்டியே தன் வழிகாட்டியில் எழுதவேண்டி வந்தது. எடுத்துவிட வேண்டிய பெட்டியை எச்சரிக்கையோடு வைத்திருப்பது வடிவமைப்பாளர்களின் பழைய பழக்கம்.

இந்தப் பின்னணியில் எஸ்டிஎஃப் என்னும் தொலைவுப் புல முறை வந்தபோது கிடைத்த வரவேற்பு புரிந்துகொள்ளக்கூடியது. வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் 2007 சிக்ராஃப் மாநாட்டில் முன்வைத்த கருத்து எளிமையானது: பிக்சலில் மை உண்டா இல்லையா என்று எழுதுவதற்குப் பதில், மையின் ஓரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எழுதிவை. 4096-க்கு 4096 மூலப்படத்தை 64-க்கு 64 ஆகச் சுருக்கிய பின்னும் பெரிதாக்கினால் ஓரம் கூர்மையாகவே நிற்கும். டெக்ஸ்ட்மெஷ் புரோ இதை எழுத்துருவுக்குக் கொண்டுவந்த விதத்தில் தேர்ச்சி தெரிகிறது. ஒரே பதிவு எல்லா அளவுக்கும் உதவுகிறது. ஓரக்கோடு, நிழல், ஒளிர்வு எல்லாம் ஷேடரில் பிறக்கின்றன. தங்கநிறத் தலைப்புக்கும் சிவப்புச் சேத எண்ணுக்கும் ஒரே அட்லஸ், வேறு வேறு மெட்டீரியல். பழைய முறையில் நான்கைந்து அட்லஸ் வேண்டிய அலங்காரங்களை இதில் ஒன்றே தாங்குகிறது. ஆங்கிலம், ருஷ்யம், கிரேக்கம் என்று எழுத்து குறைந்த மொழிகளுக்கு இது முழு வெற்றி. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

குறை, அந்தப் பதிவின் விலையில் இருக்கிறது. டெக்ஸ்ட்மெஷ் புரோ நிரல்வழி எழுத்துருப் பொருளை உருவாக்கும்போது எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்புகள்: மாதிரி அளவு 90, சுற்றிலும் திணிப்பு 9, அட்லஸ் 1024-க்கு 1024. சீன எழுத்து ஏறத்தாழ முழுச் சதுரம் என்பதால், ஒன்றுக்கு 108-க்கு 108 இடம். அதாவது 11,664 பைட். ஒரு வரிசைக்கு ஒன்பது, ஒன்பது வரிசை, ஆக ஒரு பக்கத்துக்கு 81 எழுத்து. ஜிபி 2312 முழுவதையும் இப்படி அடுக்கினால் 84 பக்கம், 84 எம்பி. அதே எழுத்தை உயரடர்த்தித் திரையில் படிக்கும் அளவாகிய 48 பிக்சலில் நேரடியாக வரைந்தால் 2,304 பைட்தான்; ஐந்தில் ஒரு பங்கு. எஸ்டிஎஃப் 'நினைவகத்தை மிச்சப்படுத்தும்' என்ற வாய்பாடு, ஒரே எழுத்தைப் பல அளவில் காட்டும்போது மட்டும் உண்மை. நீண்ட வசனத்தை ஒரே அளவில் காட்டும் கதை விளையாட்டில் அது பொய்.

இயல்பு மதிப்பை அப்படியே விடுபவர் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதிரி அளவை 32-க்கும் திணிப்பை 4-க்கும் இறக்கினால் ஒரு எழுத்துக்கு 40-க்கு 40 இடம், 1,600 பைட். 2048 பக்கம் ஒன்றில் 2,601 எழுத்து. மூன்று பக்கத்தில், 12 எம்பியில், மொத்தப் பட்டியலும் அடங்கிவிடும். 84-இலிருந்து 12 என்பது பெரிய இறக்கம். ஆனால் இப்போது தரம் விலைகேட்கிறது. ஜப்பானின் அன்றாடக் கான்ஜி எழுத்துப் பட்டியலில் 2010-இல் சேர்ந்த 'உட்சு' என்ற எழுத்துக்கு 29 கோடுகள். 32 பிக்சலுக்குள் 29 கோட்டின் தொலைவைக் குறித்துவைக்க இடமில்லை. அடுத்தடுத்த கோடுகளின் புலங்கள் ஒன்றையொன்று விழுங்கி, நடுவில் கறுப்புத் திட்டு விழுகிறது. திணிப்பு குறைந்ததால் ஓரக்கோட்டின் தடிமனுக்கும் உச்சவரம்பு விழுகிறது; எந்த அலங்காரத்துக்காக எஸ்டிஎஃப் எடுத்தோமோ அதுவே சுருங்குகிறது. சிக்கலான எழுத்துக்குப் பெரிய மாதிரியும் எளிய எழுத்துக்குச் சிறியதும் என்று ஒரே அட்லஸில் கலந்து வைக்கும் வசதி இல்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவு என்ற அனுமானம் லத்தீனிலிருந்து வந்தது. சீனத்தில் அது தோற்கிறது.

முறையின் ஒழுங்கிணைவைச் சோதிக்க இன்னும் நல்ல இடம், நிலையான அட்லஸா இயங்கு அட்லஸா என்ற தேர்வு. நிலையானது முன்கூட்டியே எல்லாம் வரைந்து வைக்கும். எழுத்துருக் கோப்பு ஆட்டத்தோடு போகத் தேவையில்லை. இயங்கு அட்லஸ் தேவைப்பட்ட எழுத்தை மட்டும் அப்போதைக்கப்போது வரையும். ஆகவே வரைவதற்கான மூலக்கோப்பு எப்போதும் கையில் இருந்தாக வேண்டும். இங்கேதான் கணக்கு மறைகிறது. கூகுளும் அடோபியும் 2014-இல் வெளியிட்ட நோட்டோ சான்ஸ் சிஜேகே எழுத்துருவில் ஓப்பன்டைப் அனுமதிக்கும் உச்சமான 65,535 வரிவடிவங்கள். ஒரு தடிமனுக்கான கோப்பே ஏறத்தாழ 16 எம்பி. பகுதிவாரியாகப் பிரித்த பதிப்பு 8 எம்பி அளவில் வரும். இந்தக் கோப்பு ரேமில் உட்கார்ந்திருக்க, இயங்கு அட்லஸ் '1 எம்பிதான்' என்று தோளைக் குலுக்குகிறது. அந்த 1 எம்பியும் முழு உண்மையன்று: எழுதத்தக்க டெக்ஸ்ச்சர் என்பதால் அதன் படி சிபியு பக்கத்திலும் இருக்கும், ஆக இரண்டு. கைபேசியில் ஜிபியுவுக்கெனத் தனி நினைவகம் கிடையாது. இரண்டும் ஒரே ரேமிலிருந்துதான்.

கூட்டிப் பாருங்கள். நிலையான அட்லஸ்: 12 எம்பி, கோப்பு இல்லை. இயங்கு அட்லஸ்: 16 எம்பி கோப்பு, முதல் பக்கத்துக்கு 2 எம்பி, புதிய எழுத்து வர வர மேலும். சிக்கனத்துக்கென்று தேர்ந்த வழி, தொடங்கும்போதே கூடுதல் செலவில் நிற்கிறது. மெமரி புரொஃபைலரில் அட்லஸ் டெக்ஸ்ச்சர் பிரிவிலும் எழுத்துரு வேறு பிரிவிலும் தனித்தனியாகக் கிடப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் இல்லாதவர் ஏமாறுவார். என் இரண்டாம் அளவுகோலில் டெக்ஸ்ட்மெஷ் புரோ தேறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு சிறு ஒழுக்கு. எடிட்டரில் ஆட்டத்தை ஓட்டிப்பார்க்கும்போது இயங்கு அட்லஸில் சேரும் எழுத்துகள் அந்தப் பொருளுக்குள்ளேயே சேமிக்கப்பட்டுவிடும். சோதனைக்காகத் தட்டிய எழுத்துகளும் வெளியீட்டோடு பயணப்படும். பதிப்புக் கட்டுப்பாட்டில் காரணமில்லாத மாற்றங்கள் முளைக்கும். கட்டமைக்கும்போது இயங்கு தரவைத் துடைக்கும் தேர்வு பின்னால் சேர்க்கப்பட்டது. நல்லது, தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது.

எழுத்துருக் கோப்பின் சுமையைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பின் பைஎஃப்டிசப்செட் கருவியிடம் வசனக் கோப்பைக் கொடுத்தால், அதில் உள்ள எழுத்துகளுக்கான சிறு எழுத்துருவைச் செதுக்கித் தரும். நிலையான வசனத்துக்கு இதைவிடச் சிறந்த சிக்கனம் இல்லை என்பது என் மதிப்பீடு. ஆட்டக்காரர் தன் பெயரைத் தட்டும் பெட்டியிலும் அரட்டையிலும்தான் இது உடைகிறது. அங்கே எந்த எழுத்து வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு இயங்குதளத்தின் எழுத்துருவை நாடுவதே முறை. ஐஃபோனில் பிங்ஃபாங் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் நோட்டோ இருக்கிறது. அவற்றைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. டெக்ஸ்ட்மெஷ் புரோவின் பின்னைய பதிப்புகளில் வந்த 'டைனமிக் ஓஎஸ்' நிலை இதைத்தான் செய்கிறது. தாமதமாக வந்தாலும் அது சரியான திருத்தம்.

நினைவகம் பற்றிய விவாதங்களில் பேசப்படாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்துருக் கோப்பை எப்படித் திறக்கிறோம் என்பது, அது எவ்வளவு பெரியது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. கோப்பு முழுவதையும் படித்து ஒதுக்கிய நினைவகத்தில் வைத்தால் 16 எம்பியும் 'அழுக்கு'ப் பக்கங்கள்; இயங்குதளத்தால் அவற்றைத் தூக்கியெறிய முடியாது. எம்மேப் வழியாகத் திறந்தால் தொட்ட பக்கங்கள் மட்டுமே ரேமுக்கு வரும். நெருக்கடி வந்தால் அவற்றையும் கைவிட்டுப் பிறகு கோப்பிலிருந்தே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரீடைப் நூலகம் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் கோப்புப் பெயரைக் கொடுத்துத் திறந்தால் எம்மேப்பையே நாடும். நினைவகத் துண்டாகக் கொடுத்தால், கொடுத்தவர் அதைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு தொகுப்புக்குள் எழுத்துரு அமுக்கப்படாமல் இருந்தால்தான் இந்த வழி திறக்கும். தரவிறக்க அளவில் சில எம்பி கூடும், ஓடும்போது பல எம்பி குறையும். பெரும்பாலான குழுக்கள் தரவிறக்க அளவை மட்டும் காவல் காக்கின்றன.

அட்லஸை அமுக்கிவிடலாமே என்பாருக்கு ஒரு குறிப்பு. ஏஎஸ்டிசி-யின் 4-க்கு 4 கட்டம் ஒரு பிக்சலுக்கு 8 பிட் எடுக்கும்; ஒற்றைத் தட அட்லஸும் 8 பிட்தான், ஆக மிச்சம் சுழியம். பெரிய கட்டங்களுக்குப் போனால் தொலைவுப் புலம் கறைபடும். ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0-இலிருந்து இருக்கும் ஈஏசி ஆர்11 வடிவம் ஒற்றைத் தடத்தை 4 பிட்டில் அடக்குவதால் பாதியாகும். நிலையான அட்லஸுக்கு அது பொருந்தும். இதைக் கையாண்டு பார்த்தவர்கள் சொற்பம்.

டெக்ஸ்ட்மெஷ் புரோவின் ஆகப்பெரிய கருத்துக்குறை, அது மறக்கத் தெரியாதது. இயங்கு அட்லஸில் சேர்ந்த எழுத்து, தானாக வெளியேறுவதில்லை. பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கம் திறக்கும்; இல்லையேல் எழுத்துக்குப் பதில் வெற்றுக்கட்டம் வரும். இரண்டு மணி நேரம் ஓடும் அரட்டை நிறைந்த ஆட்டத்தில் நினைவகம் ஒரே திசையில்தான் போகும். அதே கைபேசியில் உலகின் எழுத்துகளையெல்லாம் காட்டும் ஆண்ட்ராய்டின் ஸ்கியா நூலகம், தன் வரிவடிவச் சேமிப்புக்கு 2 எம்பி என்ற இயல்பு வரம்பு வைத்துக்கொண்டு, நெடுநேரம் தொடப்படாதவற்றை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. உலாவிகள் இருபது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. விளையாட்டு எஞ்சின்கள் இதைக் கற்காமல் போனதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லலாம்: ஓர் எழுத்தை வெளியேற்றினால் அதைக் காட்டிக்கொண்டிருக்கும் மெஷ்ஷையும் திருத்த வேண்டும். காரணம் உண்மை. ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. எந்த மெஷ் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், பக்கம் பக்கமாகவாவது விடுவிக்கலாம்.

எமோஜி இந்த மறதியின்மையை இன்னும் கூர்மையாக்குகிறது. 128-க்கு 128 வண்ணப்படம் ஒன்று 64 கேபி. 48 பிக்சல் சீன எழுத்து 28-க்குச் சமம். அரட்டையில் ஒரு சிரிப்பு முகம் ஒரு வரி வசனத்தைவிடக் கனமானது.

மாற்றுவழிகளில் விக்டர் ஹ்லும்ஸ்கியின் எம்எஸ்டிஎஃப் முறையை மதிப்போடு குறிப்பிட வேண்டும். 2015-இல் பிராக்கில் அவர் அளித்த முதுகலை ஆய்வேட்டிலிருந்து வந்தது. மூன்று தடங்களில் தொலைவை எழுதி, நடு மதிப்பை எடுப்பதால் மூலைகள் மழுங்குவதில்லை. அதனால் சிறிய மாதிரியே போதும். 40-க்கு 40 இடத்தில் நான்கு பைட் நிறவடிவில் 6,400 பைட். டெக்ஸ்ட்மெஷ் புரோவின் இயல்பு அளவில் பாதிக்குச் சற்று மேல், மூலைகளோ கூர்மை. தலைப்பு எழுத்துக்கு இதையே நான் முன்னிறுத்துவேன். எரிக் லெங்யெலின் ஸ்லக், 2017 கட்டுரையில் விவரித்தபடி, வளைகோடுகளையே ஜிபியுவிடம் கொடுத்துவிடுகிறது. அளவு என்ற பிரச்சினையே அங்கு இல்லை. சுமை பிக்சல் ஷேடர் மேல் விழுகிறது, பேட்டரி அதற்கு விலை தரும். மலிவான கைபேசியில் பத்தி பத்தியாக வசனம் காட்ட அது ஏற்றதன்று.

மூன்றாம் அளவுகோலுக்கு வருவோம். இதற்குத் தமிழைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. நினைவகப் பார்வையில் தமிழ் சீனம் போன்ற பூதம் இல்லை. 247 எழுத்தையும் எழுத ஏறத்தாழ நூறு வரிவடிவங்கள் போதும்: உயிரும் ஆய்தமும், மெய்யும் புள்ளி வைத்த மெய்யும், உகர ஊகார வடிவங்கள் 36, டி, டீ, கொம்பும் காலும் போன்ற குறிகள். கொழுத்த இயல்பு அளவிலேயே இரண்டு பக்கத்தில் அடங்கும். எஸ்டிஎஃப் பிரமாதமாக வேலைசெய்ய வேண்டிய மொழி.

ஆனால் 'கொக்கு' என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடில் அது ஆறு குறிகள்: க, ொ, க, ், க, ு. திரையில் வேண்டியவை ஐந்து வரிவடிவங்கள்: ஒற்றைக்கொம்பு, க, கால், க், கு. குறி வரிசைக்கும் வடிவ வரிசைக்கும் நேரடிப் பொருத்தம் இல்லை. இடையில் ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பி இருந்து வரிசை மாற்றி, 'கு'வுக்கான வடிவத்தை எடுத்துத் தர வேண்டும். டெக்ஸ்ட்மெஷ் புரோ அதைச் செய்வதில்லை. முதல் 'க'வுக்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து நிற்கும். கடைசி 'க'வுக்குப் பக்கத்தில் உகரக் குறி தனியே தொங்கும். 'கு'வுக்கு யூனிகோடில் தனி எண் இல்லாததால், எண்ணை வைத்து நிரப்பும் அட்லஸில் அந்த வடிவம் நுழைய வழியே இல்லை. அட்லஸ் சிறியதாகத்தான் இருக்கிறது. அதில் தமிழ் இல்லை.

நியாயத்துக்காக ஒன்று: 2019 அளவில் டெக்ஸ்ட்மெஷ் புரோ எழுத்து அட்டவணையையும் வரிவடிவ அட்டவணையையும் பிரித்தது. ஒன்று யூனிகோடு எண்ணைத் தாங்கும், மற்றது எழுத்துருவின் உள்ளெண்ணை. வடிவமைப்பி ஒன்றைச் செருக அடித்தளம் ஆயத்தமாகவே இருந்தது. பின்னர் சில ஓப்பன்டைப் கூறுகளும் சேர்ந்தன. வரிசை மாற்றம் மட்டும் வரவில்லை. அடித்தளம் போட்டுவிட்டுச் சுவர் எழுப்பாமல் விட்டதற்கு நினைவகத்தைக் காரணம் காட்ட முடியாது.

இந்த இடைவெளியில் நம்மவர்கள் கண்ட வழி, யூனிகோடு உரையைப் பழைய குறியாக்கத்துக்கு மாற்றி, அதற்குரிய எழுத்துருவில் காட்டுவது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதும் குறியாக்கங்கள் அவை. ஆகவே வடிவமைப்பி வேண்டாம், ஒரு குறிக்கு ஒரு வடிவம். நினைவக அளவில் இதைக் குறைசொல்ல முடியாது. பாமினி ஆங்கில விசைகளின் இடத்தையே பிடித்துக்கொள்வதால், தமிழும் ஆங்கிலமும் கலந்த வரி அதில் சிதறும். டிஸ்கி கீழ்ப்பாதியை ஆஸ்கிக்கு விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை வைப்பதால் அதைவிட மேலானது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ் 16, 2010-இல் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. தத்துவத்தில் இத்தகைய எஞ்சினுக்கு அது இன்னும் பொருந்தும், எழுத்துருக்கள்தான் குறைவு. ஆனால் ஆட்டக்காரர் தன் பெயரைத் தட்டும்போதும், திரைவாசிப்பான் உரையைப் படிக்க முயலும்போதும், தேடல் பெட்டியிலும் மூன்றுமே முறிகின்றன. திரையில் மட்டும் தமிழாக இருப்பது உரையாகாது.

கோடோ 4 இங்கே வேறு தரத்தில் நிற்கிறது. 2023-இல் வந்த அந்தப் பதிப்பில் ஹார்ஃப்பஸ்ஸும் ஐசியுவும் சேர்ந்த உரைச் சேவையகம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ், அரபு, தாய் எதுவானாலும் முதலில் வடிவமைப்பு, பிறகு வரிவடிவ எண்ணை வைத்துச் சேமிப்பு. முறை ஒழுங்கிணைந்தது. எம்எஸ்டிஎஃப் வேண்டுமா, நேரடி வரைவு வேண்டுமா என்பதை எழுத்துருவுக்கு எழுத்துரு தேரலாம். படிக்கும் உரைக்கு ஒன்று, தலைப்புக்கு மற்றொன்று என்ற பகுப்பை அது அனுமதிக்கிறது. குறையும் உண்டு: நேரடி வரைவில் ஒவ்வொரு அளவுக்கும் தனிச் சேமிப்பு என்பதால், அளவைத் தொடர்ச்சியாக அசைக்கும் அனிமேஷன் பழைய யூனிட்டியின் நோயை மறுபடி வரவழைக்கும். ஐசியு தரவும் தொகுப்பின் எடையைக் கூட்டும். யூனிட்டி 6-இன் யூஐ டூல்கிட்டுக்கு வந்த மேம்பட்ட உரை உருவாக்கியும் ஹார்ஃப்பஸ் வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளும் முறையிலான திருத்தம் இது. பழைய யூஐ-யில் ஊறிய ஆயிரக்கணக்கான திட்டங்களுக்கு அது இடம்பெயர்வைக் கேட்கிறது.

என் தீர்ப்பு இது. டெக்ஸ்ட்மெஷ் புரோ சிறந்த வரைவி, நடுத்தரமான நினைவக மேலாளர், குறைபட்ட எழுத்தாளி. முதல் தகுதி மற்ற இரண்டையும் பத்தாண்டுக்கு அருகில் மறைத்துவந்தது. எழுத்து குறைந்த மொழிகளின் தலைப்புக்கும் எண்களுக்கும் அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சீனம், ஜப்பானியம், கொரியத்தில் நிலையான வசனத்துக்குச் செதுக்கிய எழுத்துருவும் சிறு மாதிரி அட்லஸும், ஆட்டக்காரர் தட்டும் உரைக்கு இயங்குதள எழுத்துருவும் என்ற பகுப்பே தாங்கும்; இயங்கு அட்லஸோடு 16 எம்பி கோப்பைச் சுமப்பது தாங்காது. தமிழில் வெளியிடும் சிறு குழு டிஸ்கி மாற்றத்தைத் தலைப்புக்கும் பொத்தானுக்கும் மட்டும் ஏற்கலாம். பெயர்ப்பெட்டியும் அரட்டையும் உள்ள ஆட்டமானால் கோடோவையோ யூனிட்டியின் புதிய உருவாக்கியையோ தொடக்கத்திலேயே தேர்ந்துவிட வேண்டும்; வசனம் முழுதும் எழுதிமுடித்தபின் எஞ்சினின் உரைமுறையை மாற்றுவது, அட்லஸை மறுபடி கட்டுவதைவிடப் பல மடங்கு செலவு.